டிஷ்வாஷரில் வைத்த இருநூறு சேபோ

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பணி அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழு கேட்டிருக்கிறது. போன வருடத்து மலரை எடுத்துப் படித்துப் பார்த்தேன். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் வங்கிக் கணினிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியவர்கள். எல்லாக் கட்டுரையிலும் சனி ஞாயிறு முழுக்க யாரும் தூங்கவில்லை, திங்கட்கிழமை காலை எல்லாம் சரியாகிவிட்டது. நான் அந்த ரகம் இல்லை. மான் வேட்டைக்காரர்கள் சுட்ட குண்டு ஏன் நேராகப் போகவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காக இருபத்து மூன்று வருடம் நியூ ஜெர்சியில் சம்பளம் வாங்கியவன். எங்கள் வீடு சைவம். துப்பாக்கியால் நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

விருந்துகளில் இளைஞர்கள் என்னிடம், "நீங்க எந்த டெக்னாலஜி அங்கிள்?" என்று கேட்பார்கள். "பிளாஸ்டிக்" என்று சொல்லிவிட்டுப் பாயசக் கிண்ணத்தோடு நகர்ந்துவிடுவேன். மிச்சத்தைச் சொன்னால் பாயசம் ஆறிவிடும். இப்போது சங்கமே கேட்கிறது, பக்கமும் ஒதுக்கியிருக்கிறது. தவிர, என் பழைய கம்பெனியில் போன மாதம் புகார் கேட்கும் போனையே நீக்கிவிட்டார்களாம். வாடிக்கையாளருக்கு இனி கணினியே பதில் சொல்லும். சரி, மனிதர்கள் பதில் சொன்ன காலத்தைப் பற்றி ஒரு மனிதன் எழுதி வைக்கட்டும்.

முதலில் பொருள். நம் ஊர் மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுவது, அதே சங்கதிதான். இங்கே அதற்கு நல்ல எஃகும் தொலைநோக்கியும் வைத்து, தனியாக ஒரு வேட்டைப் பருவமும் ஒதுக்கியிருக்கிறார்கள். குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் இருக்கும். குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. அந்த இடைவெளியை அடைக்கக் குண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் மாட்டுவார்கள். கட்டைவிரல் நுனி அளவு, நான்கு இதழ். அதன் பெயர் சேபோ. சுட்டதும் இரண்டும் சேர்ந்து சுழன்றுகொண்டு வெளியே வரும். காற்றுப் பட்டு இதழ்கள் விரியும். கிண்ணம் கழன்று விழ, குண்டு மட்டும் போகும். நான்கு இதழும் ஒரே நேரத்தில் விரிந்தால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். ஓர் இதழ் பிந்தினால் மான் பிழைத்துக்கொள்ளும், எங்களுக்குப் போன் வரும்.

கோயம்புத்தூரில் பம்ப் செட்டுக்கு பிளாஸ்டிக் உறுப்புகள் வார்த்துக்கொண்டிருந்த நான் இங்கே வந்தது பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்கு. அது கைமாறியதும், வேறு வழியில்லாமல் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பதினான்கு பேர் வேலை செய்த இந்தச் சேபோ கம்பெனியில் சேர்ந்தேன். விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடுவதில் சட்டச் சிக்கல்கள் உண்டு என்று கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். எனவே வார்ப்பது, அளப்பது, சுட்டபின் புல்லில் விழுந்த சேபோக்களைப் பொறுக்குவது ஆகிய மூன்றும் என் வேலை. சுடுவது கான்னியின் வேலை.

கான்னி தரப் பிரிவின் தலைவர், என் மேலதிகாரி. என்னைவிட இரண்டு வயது இளையவர். முதல் மூன்று மாதம் அவரை "மேடம்" என்றேன். ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறேன் என்று தேடினார். வாயைத் திறப்பதற்குக் கட்டணம் கட்டுபவர்போலத்தான் பேசுவார். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "அகெய்ன்." நான் அளந்து சொன்னாலும் அகெய்ன், ஒரு வாடிக்கையாளர் அழுதாலும் அகெய்ன். அவருக்கு இரண்டே விதிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. என்ன செய்தாய் என்று யாரையும் கேட்காதே, செய்துகாட்டச் சொல்.

இரண்டாவது விதியின் அருமை எனக்கு முதல் வருடமே புரிந்தது. ஒரு பெரியவர் குண்டு பக்கவாட்டில் போகிறது என்று வாரம் இருமுறை போன் செய்தார். மருந்து, குண்டு, கம்பி, தொலைநோக்கியின் திருகு என்று எல்லாம் கேட்டேன். எல்லாம் சரி என்றார். கான்னி அவரைச் சுடும் மைதானத்துக்கு வரவழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். மனிதர் சேபோவைத் தலைகீழாகப் போட்டு, குண்டை அதன் அடிப்பாகத்தில் நிறுத்தி, பக்தியோடு கெட்டித்தார். பதினாறு வருடமாக அப்படித்தானாம். அத்தனை வருடமும் குண்டு எப்படிப் போனது என்று கேட்டோம். "சுமாராகப் போனது" என்றார்.

இன்னொருவர் அண்ணன் உடன் வந்தால் மட்டும் குறி தப்புகிறது என்றார். சிரித்தேன். கான்னி சிரிக்கவில்லை. அண்ணனையும் அழைத்துவரச் சொன்னார். அண்ணன் பேச்சுத் துணைக்கு வருபவர். அவர் பேசப் பேச, தம்பி எரிச்சலில் கம்பியை ஓங்கி ஓங்கிக் குத்தினார். அடியிலிருந்த மருந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அழுத்தத்தில் கெட்டித்துப் போனது. கான்னி அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் "அண்ணன்" என்று எழுதினார். அந்தக் கட்டத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. தெளிவில்லாமல் எழுதியதும் இல்லை.

எங்கள் சனிக்கிழமைச் சோதனையை நான் தூக்கத்திலும் சொல்வேன். நூறு கஜத்தில் பழுப்புக் காகிதம். கான்னி மருந்தை அளந்து கொட்டுவார். குண்டு மாட்டிய சேபோவைக் குழலில் வைத்து, கம்பியில் ஒட்டிய சிவப்பு நாடா குழலின் வாயைத் தொடும் வரை ஒரே சீராக அழுத்துவார். சுடுவார். புகை விலகும்வரை இருவரும் பேசமாட்டோம். பிறகு ஓர் ஈரத் துணி, ஓர் உலர்ந்த துணி, இரண்டும் ஒவ்வொரு முறை குழலுக்குள் போய்வரும். குழல் சூடாக இருந்தால் பிளாஸ்டிக் இளகும் என்பதால் கடிகாரம் பார்த்துக் காத்திருப்போம். மூன்று சுட்டதும் நான் புல்லில் இறங்கி இடுக்கியால் சேபோக்களைப் பொறுக்கி, முட்டை அட்டையின் குழிகளில் எண் போட்டு வைப்பேன். அதற்குப் பிறகு கான்னி படிப்பார். ஆம், படிப்பார் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு இதழும் சமமாக மலர்ந்திருந்தால் நல்லது. ஓர் இதழ் கிழிந்திருந்தால் குழலில் எங்கோ கூர்மை. அடிப்பாகம் உப்பியிருந்தால் சூடு. ஒரு பக்கம் மட்டும் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அந்த வழியாக வாயு கசிந்திருக்கிறது, அதாவது அந்தச் சேபோ வட்டமாக இல்லை. வட்டமாக இல்லாத சேபோ என்றால், அது வார்த்தவன் தலையில்தான் விழும்.

வார்த்தவன் நான்.

இப்போது அந்தப் பாழாய்ப்போன வழக்குக்கு வருகிறேன். கடுங்குளிரில் எங்கள் சேபோ இதழ்கள் மொறுமொறுவென்று ஒடிகின்றன என்று ஒரு பருவம் முழுக்கப் புகார். புதிய பிளாஸ்டிக் கலவை ஒன்றைச் சோதிக்க ஒரு சிறு மூட்டை மட்டும் வாங்கினோம். முதலாளி என்னையும் கான்னியையும் உட்கார வைத்து நேரடியாகச் சொன்னார். இது தேறினால் வார்ப்புப் பிரிவு இருக்கும். தேறாவிட்டால் மூடிவிட்டு, செய்த சேபோவை வெளியில் வாங்குவார். வார்ப்புப் பிரிவு என்றால் இரண்டு இயந்திரமும் நானும். என் கிரீன் கார்டு மனு அந்தக் கம்பெனியின் பெயரில் ஐந்தாவது வருடமாகக் கிடப்பில் இருந்தது. வேலை போனால் மனுவும் போகும், விசாவும் போகும். மகள் திவ்யா ஒன்பதாம் வகுப்பு. மூட்டை கட்ட வேண்டியதுதான். 

இருநூற்றிருபது சேபோ வார்த்தேன். இருபதைக் கான்னி சாட்சி மாதிரி என்று எண் போட்டுப் பூட்டிவைத்தார். சாட்சி மாதிரியைச் சுடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். மிச்சம் இருநூறு சோதனைக்கு. வார்த்த பிளாஸ்டிக் அடங்குவதற்கு இரண்டு நாள் இருட்டான, உலர்ந்த, சூடும் குளிரும் மாறாத இடத்தில் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் முதலாளி இரவில் ஹீட்டரை அணைத்துவிடுவார். எனவே நானே வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறேன், சனிக்கிழமை நேரே மைதானத்துக்கு எடுத்துவருகிறேன் என்றேன். கான்னி, "எங்கே வைப்பீர்கள்?" என்றார். "பத்திரமான இடம்" என்றேன்.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் நம் வீடுகளில் டிஷ்வாஷர் என்பது ஓர் அலமாரி. பார்சிப்பனியில் அந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு வருடம், அதை ஒருமுறைகூட ஓடவிட்டதில்லை. என் மனைவி சரசு எவர்சில்வர் பாத்திரங்களைக் கையால் தேய்த்தால்தான் தேய்த்ததாக நம்புவாள். அதனுள் சம்படங்களும், துவரம்பருப்புப் பொட்டலமும், கழுவி வைத்த தயிர் டப்பாக்களும் இருந்தன. இருட்டு, உலர்வு, எறும்பு வராது. இதைவிட நல்ல இடத்தை ஆராய்ச்சிக்கூடத்தில்கூடக் கட்ட முடியாது. இரண்டு தயிர் டப்பாக்களில் நூறு நூறாகப் போட்டு மூடி, ஒன்றை மேல் தட்டிலும் ஒன்றைக் கீழ்த் தட்டிலும் வைத்தேன்.

அன்று வியாழக்கிழமை. அன்று இரவே கான்னி எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வேலை போகும் நேரத்தில் மேலதிகாரியை விருந்துக்கு அழைப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம். உளுந்து வடை, சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம், சேமியா பாயசம். அவர் வடையை இரண்டாகப் பிட்டு, உள்ளே பார்த்துவிட்டு, நான்கு சாப்பிட்டார். அவர் கிளம்பும்போது சாம்பாரை ஊற்றிக் கட்டி, காரில் வைக்கக் கொண்டுபோனாள் சரசு. நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சுட்டோம். முதல் இரண்டு குண்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மூன்றாவது ஒரு சாண் தள்ளி விழுந்தது. "அகெய்ன்" என்றார் கான்னி. நான்காவது நடுவில். ஐந்தாவது காகிதத்தின் ஓரத்தில். பொறுக்கிய சேபோக்களில் பாதியில் ஒரு பக்கம் கறுப்புக் கோடு.

அடுத்த சனிக்கிழமை மருந்தை மாற்றினோம், வேறு எதையும் மாற்றவில்லை. அதே கதை. அதற்கடுத்த சனிக்கிழமை குண்டை மாற்றினோம். நான்காவது சனிக்கிழமை துப்பாக்கியையே மாற்றினோம். கான்னி தொலைநோக்கியைக் கழற்றி மாட்டினார். அன்று எதிர்பாராமல் ஒரு மான், நாங்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, இலக்குக் காகிதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று புல் மேய்ந்தது. எங்கள் குறியைப் பற்றி அதற்கும் தகவல் போயிருக்க வேண்டும். கான்னி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அது போகும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம், "செவ்வாய்க்கிழமை நான் அறிக்கை எழுத வேண்டும், முரு. வட்டமாக இல்லாத சேபோ என்றுதான் எழுத முடியும்" என்றார். முருகானந்தத்தை அவர் அவ்வளவுக்குத்தான் சுருக்கியிருந்தார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சேபோ தீர்ந்துபோன டப்பா ஒன்றைச் சரசு உறை ஊற்றக் கேட்டாள். கழுவிக் கொடுத்தேன். மூடியைப் போட்டால் உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது. இருபத்தைந்து வருடம் பிளாஸ்டிக்கோடு குடித்தனம் நடத்தியவன் நான். மூடியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துத் தட்டினேன், ஆடியது. இன்னொரு டப்பாவின் மூடியை வைத்தேன், ஆடவில்லை.

"சரசு, இந்த மூடி எப்படி இப்படியாச்சு?"

"எதுங்க?"

"இது சூடு பட்ட மூடி. அடுப்புப் பக்கத்துல வெச்சியா?"

அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருக்கும் அடுப்பை அவள் துடைத்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அன்னிக்கு உங்க கான்னியம்மா வந்தாங்கல்லங்க. சாப்பிட்டுட்டுத் தட்டெல்லாம் அவங்களே எடுத்து அந்த மெஷின்ல அடுக்கி, ஆன் பண்ணிப்போட்டுப் போயிட்டாங்க. நான் சாம்பார் கட்டிக் குடுத்துட்டு உள்ள வந்து பாக்கறேன், உர்ர்ருனு ஓடிட்டிருக்குது. எனக்கு நிறுத்தத் தெரியோணுமில்லீங்க? வீடு குடிவந்தப்பவே உள்ள ஒரு சோப்புப் பொட்டலம் கெடந்துச்சு, அதையும் போட்டுருக்காங்க."

"சேபோ?"

"காலைல தொறந்தா எல்லாம் ஈரம். துண்டுல கொட்டித் துடைச்சு, காய வெச்சு, மறுபடி டப்பால போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி வெச்சேன். தண்ணிதானே பட்டுச்சுன்னு நெனச்சேன். முன்னயவிட சுத்தமாத்தாங்க இருந்துச்சு."

"மூணு வாரமா நான் சாகறேன். ஏன் சொல்லல?"

"வந்தவங்க ஆசையாப் பண்ணிட்டுப் போயிருக்காங்க. அத எப்படிங்க குத்தம்னு சொல்றது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இயந்திரத்தின் அடியில் ஒரு சூட்டுக் கம்பி இருக்கிறது. மேல் தட்டு டப்பா தப்பித்தது. கீழ்த் தட்டு டப்பா வெந்தது. துண்டில் கொட்டியபோது இரண்டும் கலந்துவிட்டன. அதனால்தான் ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில். என் வார்ப்பில் குற்றமில்லை. ஒரு நிமிடம் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அடுத்த நிமிடம், இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று புரிந்தது. கம்பெனியின் சோதனைப் பொருளைப் பருப்புப் பொட்டலத்தோடு டிஷ்வாஷரில் வைத்தேன், நீங்கள் அதை வேகவைத்துவிட்டீர்கள், எனவே அறிக்கையை மாற்றுங்கள் என்று, என் விசா யாருடைய கையெழுத்தில் தொங்குகிறதோ அவரிடமே சொல்ல வேண்டும்.

சரசுதான் வழி சொன்னாள். "என் பேரைப் போட்டுருங்க. நான்தான் தெரியாம ஆன் பண்ணிப்போட்டேன்னு எழுதுங்க. எனக்கென்ன வேலையா, வெட்டியா? வேலைக்கே போகக் கூடாத H4 விசாக்காரிய யாரு டிஸ்மிஸ் பண்றது?"

வெட்கத்தோடு சொல்கிறேன், எழுதினேன். திங்கட்கிழமை காலை கான்னியின் மேசையில் வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில், வீட்டு அம்மாள் இயந்திரத்தைத் தவறுதலாக ஓடவிட்டார். கான்னி இருமுறை படித்தார். பூட்டிவைத்த இருபது சாட்சி மாதிரிகளை எடுக்கத் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டார். "பத்தை உங்கள் இயந்திரத்தில் வைப்போம். பத்தை வைக்க வேண்டாம். மற்றபடி எதுவும் மாறக் கூடாது" என்றார்.

மற்றபடி எதுவும் மாறக் கூடாது என்றால் கான்னி அகராதியில் எதுவும் மாறக் கூடாது என்றுதான் பொருள். அன்று மாலை அதே உளுந்து வடை, அதே சாம்பார், அதே பீன்ஸ் பொரியல், ரசம், பாயசம். தட்டில் ஒட்டும் எண்ணெய் மாறினால் தண்ணீரின் சூடு மாறலாம் அல்லவா. திவ்யா பயிற்சிக்குப் போக வேண்டும் என்றாள். அன்று இருந்த நான்கு பேரும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் கான்னி.

"அப்பா, திஸ் இஸ் இன்சேன்" என்றாள் மகள்.

"சாப்பிடு" என்றேன்.

கான்னி அன்று சாப்பிட்ட அதே நான்கு வடையைச் சாப்பிட்டார். ஐந்தாவதைச் சரசு வைத்தபோது தட்டைக் கையால் மூடினார். அதே சோப்புப் பொட்டலம் கிடைக்கவில்லை, வேறு வாங்கியிருந்தேன். அதை ஒரு விலகல் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பருப்புப் பொட்டலம் அன்று உள்ளே இருந்ததா என்று கேட்டார். சரசு அதை அன்றே எடுத்து வெளியே வைத்திருந்தாளாம், யாரும் அதைக் கவனிக்கவில்லை. பத்துச் சேபோவை டப்பாவில் போட்டுக் கீழ்த் தட்டில் வைத்தேன். தட்டுகள் வந்தன. கான்னி சமையலறையில் ஓரமாக நின்று, "சரஸ்வதி, அன்றைக்கு என்ன செய்தீர்களோ அதை அப்படியே செய்துகாட்டுங்கள்" என்றார்.

இரண்டாவது விதியை நான் மறந்தே போயிருந்தேன்.

சரசு கதவைச் சாத்தினாள். முன்பக்கம் பட்டன் தேடினாள். இல்லை. பக்கவாட்டில் தடவினாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. சுவரில் இருந்த ஒரு சுவிட்சைத் தைரியமாகத் தட்டினாள். பாத்திரத் தொட்டியின் அடியில் சாப்பாட்டு மிச்சத்தை அரைக்கும் இயந்திரம் கடகடவென்று உறுமியது. அவள் துள்ளிக் குதித்து என் காலை மிதித்தாள். திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அகெய்ன்" என்றார் கான்னி.

சரசு இப்போது அடுப்பின் மேலிருந்த புகைபோக்கியை ஓடவிட்டாள். விளக்கை அணைத்தாள், போட்டாள். "போன தடவ இங்கதாங்க எங்கியோ இருந்துச்சு" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். முகமெல்லாம் வியர்வை. கான்னி தன் கையில் மிச்சமிருந்த டம்ளரோடு இரண்டு எட்டு முன்னால் வந்தார். கதவை அரையடி திறந்து டம்ளரை வைத்தார். கதவின் மேல் விளிம்பில், திறந்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்த பட்டனை, பார்க்காமலே நடுவிரல் மூட்டால் அழுத்தினார். இடுப்பால் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டது.

அவர் அப்படியே நின்றார். தன் கையைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்தார்.

"எனக்கு நினைவே இல்லை" என்றார். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் அதைச் செய்வாராம், அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைத்தது யாருக்காவது நினைவிருக்குமா, அதுபோலத்தான் இதுவும் என்றார். இயந்திரம் ஓடி முடிய இரண்டு மணி நேரம். நான்கு பேரும் அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில், "ஏன் சரஸ்வதியின் பெயர்?" என்று கேட்டார். சரசு சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன்.  கான்னி என் அறிக்கையை எடுத்து, சரசுவின் பெயரை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் தன் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில், சோதனைப் பொருள் எவர் வீட்டுக்கும் போகக் கூடாது, விருந்தாளி கேட்காமல் உதவக் கூடாது என்று எழுதினார். வேண்டாம் என்றேன். காது கேட்காதவர்போல் தேதி போட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மைதானத்துக்குப் போனோம். கழுவாத பத்தின் துளைகளும் காகிதத்தில் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. கழுவிய பத்தும் காகிதம் முழுக்கச் சிதறின. என் வேலை தப்பியது. அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் கிரீன் கார்டும் வந்தது.

ஆனால் முதலாளி அந்த அறிக்கையைப் படித்து முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். மூன்று வாரச் சோதனை, மூட்டை பிளாஸ்டிக், பூட்டிவைத்த சாட்சி மாதிரிகள் எல்லாம் வீண். தரப் பிரிவுத் தலைவர் பெயரே காரணக் கட்டத்தில் இருந்தால் கம்பெனிச் சட்டப்படி ஒரு தண்டனை உண்டு. இரண்டு வருடத்துக்கு கான்னியின் எந்த அறிக்கையும் இன்னொருவர் சரிபார்த்துக் கீழே கையெழுத்துப் போடாமல் செல்லாது. அந்த இன்னொருவராக, மொத்த வழக்கும் தெரிந்தவர் என்பதால், என்னை நியமித்தார்.

மறுவாரம் கான்னி முதல் அறிக்கையோடு என் மேசைக்கு வந்து நின்றார். என்னைக் காப்பாற்றிய கை அது. அவர் எழுதியதைச் சரிபார்க்க நான் யார்? காகிதத்தை வாங்கி, கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போனேன்.

அவர் காகிதத்தின் மேல் கையை வைத்தார்.

"படியுங்கள், முரு."

படித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். ஆறாவது வரியில் சுட்டது ஒன்பது முறை என்று இருந்தது. இணைத்திருந்த காகிதத்தில் துளைகளை எண்ணினேன். எட்டுத்தான். மறுபடி எண்ணினேன், எட்டுத்தான். மேலே பார்க்காமல், "கான்னி, இங்கே ஒன்று தப்பாக இருக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அகெய்ன்" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். அவர் பேனாவை வாங்கி ஒன்பதை அடித்து எட்டாக்கினார். அவருடைய அறிக்கையில் நான் பிழை பார்த்தது அதுதான் முதலும் கடைசியும். பிறகு காகிதத்தை என் பக்கம் நகர்த்திவைத்து, நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.